திரும்பும் வழி இல்லாத புதுப்பித்தல்

வினாவின் இயல்பு

மனிதன் ஆக்கிய யந்திரங்கள் எல்லாம் உபயோகத்தினால் தேய்வன. மென்பொருளோ தேய்மானம் என்பதை அறியாதது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கியின் வட்டிக் கணக்கைச் சரியாகப் போட்டுக் கொடுத்த நிரல், அதே கணிப்பொறியில், அதே எண்களைக் கொடுத்து இயக்கினால், இன்றைக்கும் ஒரு காசு பிசகாமல் அதே கணக்கைப் போட்டுக் கொடுக்கும். அப்படியிருந்தும், மென்பொருளைப் போல அடிக்கடி மாற்றப்படும் பொருளை வேறெங்கும் காண்பது அரிது. சட்டம் மாறுகிறது, வரி விகிதம் மாறுகிறது, கருவிகள் மாறுகின்றன, உள்ளே நுழையக் காத்திருக்கும் திருடர்களின் உபாயங்கள் மாறுகின்றன, இவை யாவற்றுக்கும் ஈடு கொடுக்கும்பொருட்டு மென்பொருளும் மாறியே தீர வேண்டியிருக்கிறது.

இம்மாற்றங்களுள் சிறியவை நாள்தோறும் நம் கண்ணுக்குத் தெரியாமலே நடந்து முடிகின்றன. ஒரு நிறுவனத்தின் அல்லது ஓர் அரசாங்கத்தின் முழு அமைப்பையும் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வைக்கும் பெரும் புதுப்பித்தலோ அப்படிச் சத்தமின்றி நடந்துவிடுவதில்லை. அது நிகழ்ந்த மறுநாள் காலையில், நேற்றுவரை பழுதின்றி நடந்துவந்த காரியம் காரணம் தெரியாமல் நின்றுபோய், யாரைக் கேட்பது என்றும் விளங்காமல், தம் பணத்துக்கும் சம்பளத்துக்கும் கடிதங்களுக்கும் தாமே அந்நியராகி நிற்கும் ஜனங்களின் தவிப்பு, கணிப்பொறி யுகத்தின் பொதுத் துன்பங்களுள் ஒன்றாகிவிட்டது. இத்துன்பம் எத்தனை வகைப்படும், எதனால் விளைகிறது, இதைத் தவிர்க்க இயலுமா, இயலாதெனில் இதன் பாரத்தைச் சுமக்க வேண்டியவர் யார் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சியின் முடிவில் நாம் அடையும் கருத்தை முன்னரே சொல்லிவிடுவது வாசகர்க்கு உதவியாக இருக்கும்: பெரும் புதுப்பித்தலில் பிழை நேர்வதை அறவே தவிர்க்க இயலாது, ஆனால் பிழையில் சிக்கியவர் பழைய நிலைக்குத் திரும்ப வழியின்றி நிற்பதை நிச்சயமாகத் தவிர்க்க இயலும். அதைத் தவிர்க்காமல் விடுவது யந்திரத்தின் குற்றமன்று, நிர்வாகத்தின் குற்றம்.

அவதிகளின் வகைகள்

புதுப்பித்தலுக்குப் பின் எழும் முறையீடுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நேற்று நடந்தது இன்று நடவாமை. 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ். 8.0.1 என்னும் பதிப்பை வெளியிட்டது. முந்தைய பதிப்பின் சில குறைகளைத் தீர்க்கவே அது வந்தது. ஆனால் அதை ஏற்றிய புதிய ஐபோன் 6 கருவிகளில் தொலைபேசி இணைப்பே அற்றுப்போயிற்று, கைரேகையை அறியும் வசதியும் வேலை செய்யவில்லை. சில மணி நேரத்துக்குள் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மறுநாளே 8.0.2 என்ற திருத்தத்தை அளித்தது. தொலைபேசியில் பேச முடியாமற் போவதைக் காட்டிலும் கண்கூடான பிழை இருக்க முடியாது. அத்தகைய பிழையும் வாசல் தாண்டி வெளியே வந்துவிட்டது என்பது கவனிக்கத் தக்கது.

இரண்டாவது, இருந்த வசதி இல்லாமற் போதல். லினக்ஸ் கணிப்பொறிகளில் பெயர் பெற்ற கே.டி.இ. என்னும் திரைச் சூழலின் நான்காம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தபோது, அடித்தளம் புதிதாக அமைந்ததேயன்றி, மூன்றாம் பதிப்பில் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த வசதிகள் பல இன்னும் அதில் ஏறியிருக்கவில்லை. அதை ஆக்கியவர்கள் அது வருங்காலப் பணிக்கான அஸ்திவாரம் என்று கருதினார்கள். உபயோகித்தவர்களோ அது நேற்றைய வீட்டுக்கு மாற்றாகத் தரப்பட்ட வீடு என்று எண்ணிக் குடிபுகுந்து ஏமாந்தார்கள்.

மூன்றாவது, பழக்கத்தின் முறிவு. 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, 1995 முதல் திரையின் மூலையில் இருந்துவந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. கணிப்பொறியின் கண்ணோட்டத்தில் இது பிழையே அன்று. திட்டமிட்டுச் செய்த மாற்றம். ஆனால் பதினேழு ஆண்டுகளாக ஒரே இடத்துக்குச் சென்று பழகிய கோடிக்கணக்கான கைகளுக்கு அதுவும் பிழையாகவே தோன்றிற்று. ஓராண்டு கழித்து விண்டோஸ் 8.1 அந்தப் பொத்தானை மீண்டும் கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று. இவ்வகை முறையீட்டை மாற்றத்துக்கு அஞ்சுவோரின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. பழக்கம் என்பது மனிதன் தன் உழைப்பால் சேர்த்த மூலதனம்; அதை ஒரே இரவில் செல்லாததாக்குகிறவர், ஈடாகத் தருவது என்ன என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

நான்காவதும் கொடியதுமானது, சேமித்துவைத்தவற்றின் அழிவு. விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர்ப் பதிப்பு அம்மாதம் 2-ஆம் தேதி வெளிவந்தது. தங்கள் ஆவணக் கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தவர்களின் கணிப்பொறிகளில், பழைய இடத்தில் எஞ்சியிருப்பவை வெறும் காலிக் கோப்புறைகளே என்று புதிய நிரல் தானாகவே அனுமானித்துக்கொண்டு, அங்கு உண்மையில் இருந்த கோப்புகளைத் துடைத்தெறிந்துவிட்டது. 6-ஆம் தேதி விநியோகம் நிறுத்தப்பட்டது. திருத்திய பதிப்பு நவம்பர் 13-ஆம் தேதிதான் மீண்டும் வந்தது. இதைவிட வருத்தத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு: முன்னோட்டப் பதிப்பைச் சோதித்த அன்பர்கள் சிலர் இப்பிழையை வெளியீட்டுக்கு முன்பே தெரிவித்திருந்தார்கள். முறையீட்டின் எண்ணிக்கையைக் கொண்டே அதன் முக்கியத்துவம் மதிப்பிடப்பட்டதால், அவர்கள் குரல் மேலே எட்டவில்லை.

இந்த நான்காம் வகையைத் தமிழ் எழுதுவோரும் தம் அநுபவத்தில் அறிவார்கள். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த நூல்களும் பத்திரிகைகளும், ஒருங்குறி என்னும் பொது ஏற்பாடு வந்தபின், உரிய எழுத்துரு இல்லாத புதிய கணிப்பொறிகளில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகக் காட்சியளித்தன. ஒருங்குறி வந்தது பெரும் நன்மை. அது இல்லாவிடில் இன்று கைப்பேசியில் தமிழ் இவ்வளவு சரளமாக வழங்காது. ஆயினும் மாற்றும் கருவிகளைத் தேடி, மாற்றிய பிரதியை வரி வரியாக ஒப்புநோக்கித் திருத்தும் உழைப்பு, அந்த நூல்களை வைத்திருந்த பதிப்பாளர்கள் மீதும் தட்டச்சர்கள் மீதுமே விழுந்தது. நன்மை பொதுவாகவும் சிரமம் தனியாகவும் பகிரப்படும் இந்த அமைப்பை, இனி நாம் காணப்போகும் உதாரணங்கள் பலவற்றிலும் காணலாம்.

காரணங்கள்

இப்பிழைகளுக்குச் சோம்பலும் அசட்டையுமே காரணம் என்று நினைப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்னும் பேரமைப்பை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெடெரிக் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில், ஒரு பிழையைத் திருத்தும்போது புதிய பிழை ஒன்று புகுந்துவிடுவதற்கு நூற்றுக்கு இருபது முதல் ஐம்பது வரை வாய்ப்பு உண்டு என்று மதிப்பிட்டார். அதே அமைப்பின் அடுத்தடுத்த பதிப்புகளை ஆராய்ந்த பெலாடியும் லேமனும், பதிப்புகள் பெருகப் பெருக, ஒரு மாற்றத்தால் பாதிக்கப்படும் பகுதிகளின் எண்ணிக்கை மிக வேகமாக ஏறிச் செல்வதைக் கண்டார்கள். உபயோகத்தில் உள்ள மென்பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும், மாற மாற அதன் உட்சிக்கல் பெருகும் என்பதும் லேமன் வகுத்த விதிகளுள் அடங்கும். ஆக, பழைய அமைப்பை அப்படியே தைத்துத் தைத்து ஓட்டுவதும் ஆபத்து. முழுவதும் மாற்றுவதும் ஆபத்து. இந்த இரு முனைகளுக்கிடையேதான் நிர்வாகி தன் வழியைத் தேட வேண்டியிருக்கிறது.

சோதனையைப் பெருக்கினால் பிழைகள் ஒழிந்துவிடாவோ என்று கேட்கலாம். சோதனையானது பிழை இருப்பதைக் காட்டவல்லதேயன்றிப் பிழை இல்லை என்று நிரூபிக்கவல்லதன்று என்று டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்தார். சோதனைச் சாலையில் ஆயிரம் பேர் செய்யும் காரியங்கள் வேறு. வெளியுலகில் ஒரு கோடிப் பேர், தத்தம் பழைய கருவிகளோடும் விசித்திரமான பழக்கங்களோடும், ஒரே வேளையில் செய்யும் காரியங்கள் வேறு. 1990-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலை சுமார் ஒன்பது மணி நேரம் குலைந்து கிடந்தது இதற்குச் சான்று. முந்தைய டிசம்பரில் 114 இணைப்பு நிலையங்களிலும் ஏற்றப்பட்ட புதிய நிரலில், தவறான இடத்தில் அமைந்த ஒரே ஒரு கட்டளை ஒளிந்திருந்தது. ஒரு மாதம் அது யார் கண்ணிலும் படவில்லை. அன்று ஒரு நிலையம் பழுதாகித் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு மீண்டபோது, தான் மீண்டதை அண்டை நிலையங்களுக்கு அறிவித்தது. அவ்வறிவிப்பைப் பெறும் தருணத்தில் அந்தப் பிழை விழித்துக்கொண்டு அண்டை நிலையங்களையும் நிறுத்திற்று. அவை மீண்டு எழுந்து அறிவித்தபோது அவற்றின் அண்டை நிலையங்கள் நின்றன. எல்லா நிலையங்களிலும் ஒரே நிரல் இருந்ததனால் ஒன்றன் நோய் எல்லாவற்றின் நோயாயிற்று. கோடிக்கணக்கான அழைப்புகள் கிட்டாமல் போயின.

மூன்றாவது காரணம் இன்னும் ஆழமானது. பழைய அமைப்பினுள்ளே, யாரும் ஏட்டில் எழுதி வைக்காத அறிவு பொதிந்து கிடக்கிறது. இந்த வரி ஏன் இங்கு இருக்கிறது என்று இன்று பணிபுரியும் எவருக்கும் தெரியாது. ஆனால் என்றோ ஒரு நாள், எவரோ ஒருவர், நேர்ந்த விபத்து ஒன்றுக்குப் பரிகாரமாக அதை அங்கே சேர்த்திருப்பார். முழுவதையும் புதிதாக எழுதத் தொடங்குகிறவர் அந்த வரியோடு அந்த விபத்தின் நினைவையும் எறிந்துவிடுகிறார். நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் தன் பழைய உலாவியைக் கைவிட்டுப் புதிதாக எழுதத் துணிந்து, 2000 நவம்பர்வரை அடுத்த பெரும் பதிப்பை வெளியிட முடியாமல், இடையில் தன் சந்தையை இழந்த வரலாறு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அது பழைய அறிவை அதன் எல்லையை மறந்து புதிய இடத்துக்குக் கொண்டுசெல்வது. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், தன் முதற்பயணத்திலேயே, புறப்பட்டு நாற்பது விநாடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. முந்தைய ஏரியன் 4-இல் பல முறை செவ்வனே இயங்கிய நிரற்பகுதியே காரணம். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகமாதலால், ஓர் அளவு, அதற்கென ஒதுக்கிய பதினாறு பிட் இடத்துக்குள் அடங்காமல் மிகுந்துபோயிற்று. மாற்றுக் கணிப்பொறியிலும் அதே நிரல் இருந்ததனால் அதுவும் அதே கணத்தையொட்டி நின்றது. அந்தப் பகுதி செய்துகொண்டிருந்த வேலையோ, புதிய ராக்கெட் மேலே கிளம்பிய பின் எதற்கும் தேவைப்படாதது.

மூன்று நிறுவனங்களின் அநுபவம்

இதுகாறும் கூறிய காரணங்கள் யந்திரத்தைச் சார்ந்தவை. துன்பம் எவ்வளவு காலம் நீடிக்கும், எத்தனை பேரைத் தாக்கும் என்பதைத் தீர்மானிப்பவையோ மனிதரின் முடிவுகள் என்பதை மூன்று நிறுவனங்களின் வரலாறு காட்டும்.

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, தன் முன்னாள் உரிமையாளரான லாயிட்ஸ் வங்கியின் கணிப்பொறி அமைப்பை வாடகைக்கு உபயோகித்துவந்தது. டி.எஸ்.பி.யை வாங்கிய ஸ்பெயின் நாட்டுச் சபடெல் வங்கி, சொந்த அமைப்புக்கு மாறுவதால் பெருந்தொகை மிச்சமாகும் என்று கணக்கிட்டு, 2018 ஏப்ரல் மாதத்தின் ஒரு வார இறுதியில், சுமார் ஐம்பத்திரண்டு லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வீச்சில் புதிய அமைப்புக்குப் பெயர்த்தது. திங்கட்கிழமை விடியுமுன்பே பலர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். சிலர் திரையில் பிறருடைய கணக்கு விவரங்கள் தோன்றின. குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு மோசடிக்காரர்களும் புகுந்தார்கள். நிலைமை முழுவதும் சீராக அவ்வாண்டின் டிசம்பர் ஆயிற்று. இரண்டு தரவு நிலையங்களைக் கொண்டு இயங்க வேண்டிய அமைப்பின் சுமைதாங்கும் திறன் ஒன்றில் மட்டுமே சோதிக்கப்பட்டிருந்ததை, பிற்பாடு வங்கி அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை வெளிப்படுத்தியது. தலைமை நிர்வாகி அந்த ஆண்டே பதவி விலகினார். கண்காணிப்பு அமைப்புகள் 2022 டிசம்பரில் 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல் அபராதம் விதித்தன. சிறு சிறு தொகுதிகளாக வாடிக்கையாளரைப் பெயர்க்கும் வழியை விட்டு, ஏறத்தாழ எல்லாரையும் ஒரே வீச்சில் பெயர்க்கத் துணிந்ததே அந்த விசாரணை சுட்டிய பிழைகளுள் தலையாயது.

கனடா அரசாங்கத்தின் பீனிக்ஸ் சம்பள அமைப்பு இதனினும் துயரமானது. நாற்பது ஆண்டுப் பழமையான சம்பள அமைப்பை மாற்றி, ஆண்டுதோறும் 7 கோடி டாலர் மிச்சப்படுத்துவது அதன் உத்தேசம். செலவு 27 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்று ஐ.பி.எம். தெரிவித்தபோது, ஒப்புதல் பெற்றிருந்த 15 கோடியே 50 லட்சத்துக்குள் காரியத்தை முடிக்க வேண்டி, பணியின் பொறுப்பாளர்கள் திட்டமிட்ட 984 செயல்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது ஒத்திவைத்தார்கள். ஓர் இலாகாவில் மட்டும் முதலில் நடத்திப் பார்க்கும் வெள்ளோட்டத்தையும் ரத்து செய்தார்கள். அது மட்டுமன்று: சம்பள விதிகளைக் கரதலப் பாடமாக அறிந்திருந்த 1,200 சம்பள ஆலோசகர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிராமிச்சி நகரில் 550 பேர் அமர்த்தப்பட்டார்கள். 2016 பிப்ரவரியில் அமைப்பு இயங்கத் தொடங்கியது. சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு மிகுந்தது, சிலருக்கு வரவேயில்லை. 2017 ஜூன் இறுதியில் தீர்க்கப்படாத சம்பளப் பிழைகளின் மதிப்பு 52 கோடி டாலரைத் தாண்டியிருந்ததாகத் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் பெர்குசன் அறிக்கை கூறியது. பழைய அமைப்புக்குத் திரும்பலாம் என்றால் அது மூடப்பட்டுவிட்டது. கையால் சம்பளக் கணக்குப் போடலாம் என்றால் போடத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். ஆற்றைக் கடக்குமுன் ஓடத்தையும் ஓடக்காரரையும் ஒருங்கே விற்றுவிட்ட இச்செயலுக்கு எந்த நிரற்பிழையையும் காரணம் காட்ட முடியாது.

நம் நாட்டிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. வருமான வரி இலாகாவின் புதிய இணையவாயில் 2021 ஜூன் 7-ஆம் தேதி திறக்கப்பட்டது. இன்ஃபோசிஸ் நிறுவனம் அமைத்த அதில், உள்நுழைவதற்கான கடவு எண் உரிய நேரத்தில் வராமையும், முந்தைய ஆண்டுக் கணக்குகளைப் பார்க்க இயலாமையும், படிவங்கள் பாதியில் நின்றுபோதலும் வரிசெலுத்துவோரையும் ஆடிட்டர்களையும் வாட்டின. ஆகஸ்டு மாதத்தில் இரண்டு நாள் இணையவாயிலே திறக்கவில்லை. 23-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை நேரில் அழைத்து விளக்கம் கேட்டார். இதிலே பாராட்டத்தக்க அம்சம் ஒன்று உண்டு. தனிநபர் கணக்குத் தாக்கலுக்கான கெடு, செப்டம்பர் 30 என்பதிலிருந்து டிசம்பர் 31 ஆக நீட்டிக்கப்பட்டது. அமைப்பின் பிழைக்காகக் குடிமகன் அபராதம் செலுத்தலாகாது என்ற தர்மத்தை இந்த நீட்டிப்பு ஓரளவுக்கேனும் ஒப்புக்கொண்டது. ஆயினும் கெடுவை நீட்டிக்க ஓர் அரசால் முடிந்தது. மாதக் கடைசியில் சம்பளத்தை எதிர்நோக்கும் குடும்பத்துக்கு எந்தக் கெடுவையும் யாரும் நீட்டித்துத் தர இயலாது.

மறுபக்கம்

இவ்வளவையும் கேட்டபின், புதுப்பிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஒருவர் வாதிக்கக்கூடும். அந்த வாதம் நில்லாது. 2017 மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் அமைப்பிலிருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மே 12-ஆம் தேதி, அதே ஓட்டையின் வழியாக வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையில், 236 மருத்துவ அறக்கட்டளைகளுள் குறைந்தது எண்பது பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. இரண்டு மாதத்துக்கு முன் வந்த திருத்தத்தை ஏற்றியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

ஆனால் அந்தத் திருத்தம் பலரால் ஏற்றப்படாமல் விடப்பட்டது ஏன் என்பதையும் ஆராய வேண்டும். மருத்துவமனையின் ஸ்கேன் யந்திரம் ஒரு குறிப்பிட்ட பதிப்போடுதான் இயங்கும் என்றிருக்கையில், ஒரு சிறு மாற்றமும் அதை முடக்கிவிடுமோ என்று அதன் பொறுப்பாளர் அஞ்சுவது இயல்பே. முன்பு புதுப்பித்ததால் கைசுட்டுக்கொண்டவர், அடுத்த புதுப்பிப்பை ஒத்திப்போடுகிறார். ஒத்திப்போட்டதால் திருடனுக்கு வாசல் திறந்து கிடக்கிறது. ஆகையால் அவசரமாக வெளியிடப்படும் ஒவ்வொரு பிழையுள்ள பதிப்பும், அதனால் நேரே விளையும் நஷ்டத்தோடு, வருங்காலத் திருத்தங்கள்மீது ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கையையும் அரித்துவிடுகிறது. நம்பிக்கை இழந்த சமூகத்தைப் பாதுகாப்பது எந்தப் பொறியாளராலும் ஆகாத காரியம்.

பரிகாரங்கள்

இத்துறையில் அநுபவசாலிகள் கைக்கொண்டுள்ள பரிகாரங்கள் சில உள. நம் கோயில்களில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வது மரபு. மூலஸ்தானத்தில் வேலை நடக்கும் காலமெல்லாம் தெய்வ சாந்நித்தியம் வேறோர் இடத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்டு, நித்திய பூஜை தடையின்றி நடந்துவரும். திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்கு ஆன பின்னரே பாலாலயம் கலைக்கப்படும். கணிப்பொறி அறிஞர்கள் பழையதையும் புதியதையும் சில காலம் ஒருங்கே இயக்கி, இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டு, புதியது நிலைபெற்ற பின்னரே பழையதை மூடும் முறையை வற்புறுத்துவதும் இந்த விவேகத்தையே சார்ந்தது. இதற்கு இரட்டைச் செலவு ஆகும் என்பது மெய். ஆனால் அந்தச் செலவை மிச்சப்படுத்திய கனடா அரசாங்கம், பிற்பாடு பிழைகளைத் திருத்துவதற்கே திட்டச் செலவைப் போலப் பல மடங்கு செலவிட நேர்ந்தது.

இரண்டாவது பரிகாரம், படிப்படியான வெளியீடு. முதலில் நூற்றுக்கு ஒருவருக்கு அளித்து, தீங்கில்லை என்று கண்டபின் விரிவாக்கிச் செல்வது. இதைச் செய்யாததன் விளைவை 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் முழுதும் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை நீலத்திரையோடு நிறுத்திற்று. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகளும் வங்கிகளும் திகைத்தன. நிறுவனம் 78 நிமிஷத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் முடங்கிய கணிப்பொறி விழித்தெழாதாகையால் மருந்தைப் பெற்றுக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை. பல இடங்களில் மனிதர்கள் ஒவ்வொரு யந்திரத்தின் அருகேயும் சென்று கையால் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அனுப்பியவருக்குத் திரும்பும் வழி இருந்தது, பெற்றவருக்கு இருக்கவில்லை. புதுப்பித்தலின் தரத்தை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

மூன்றாவது, பழைய வாக்குறுதியைக் காப்பாற்றுதல். லினக்ஸ் கருவின் தந்தையான லினஸ் டோர்வால்ட்ஸ், அக்கருவில் செய்யும் எந்த மாற்றமும் அதன்மேல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை முறிக்கலாகாது என்பதைக் கடுமையான விதியாகவே நடத்திவருகிறார். முறிந்தால் குற்றம் மாற்றியவருடையது. உபயோகித்தவரைக் குறை கூற இடமில்லை. இதன் எல்லைக்கே சென்றவர் டொனால்ட் கனூத். நூல்களை அச்சுக்கோக்க அவர் இயற்றிய டெக் என்னும் மென்பொருளில் 1990-க்குப் பின் புதிய வசதி எதையும் அவர் சேர்க்கவில்லை. பிழை திருத்தும்போதெல்லாம் பதிப்பெண் 3.14, 3.141 என்று வட்டத்தின் பை என்னும் எண்ணை நோக்கி ஓர் இலக்கம் நீளும். பிழை கண்டு சொல்வோருக்குத் தம் கையொப்பமிட்ட வெகுமதிக் காசோலையும் அனுப்பிவந்தார். எல்லா மென்பொருளும் இப்படி உறைநிலை பெற இயலாது. வரிச்சட்டம் ஆண்டுதோறும் மாறும்போது வரி மென்பொருள் மாறாதிருக்க முடியாது. எனினும், எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்று முன்கூட்டியே அறிவித்து அதன்படி நிற்கும் ஒழுக்கத்தை எவரும் மேற்கொள்ளலாம்.

நான்காவது, பாதுகாப்புத் திருத்தத்தையும் அலங்கார மாற்றத்தையும் பிரித்து வழங்குதல். உபுண்டு முதலிய சில லினக்ஸ் விநியோகங்கள், நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்ற பெயரில், ஐந்தாண்டுகளுக்கு முக்கியமாகப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கிப் பெரிய மாற்றங்களைத் தவிர்க்கின்றன. ஓட்டையை அடைக்க வேண்டுமானால் திரையின் முகத்தையும் மாற்றிக்கொண்டே தீர வேண்டும் என்று நிர்ப்பந்திப்பது, உபயோகிப்பவரின் அச்சத்தைக் கொண்டு அவருடைய சம்மதத்தை வாங்குவதற்கு ஒப்பாகும்.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், பிழையின் மூலம் நிரலில் இருந்தாலும், பெருந்துன்பத்தின் மூலம் வேறோர் இடத்தில் இருப்பது விளங்கும். புதுப்பிக்கும் நாளைத் தீர்மானிக்கிறவர் ஒருவர்; அந்த நாளின் விளைவை அநுபவிக்கிறவர் வேறொருவர். மிச்சமாகும் பணம் ஒரு கணக்கில் வரவாகிறது. வீணாகும் மணிநேரங்களோ, ஆயிரம் ஆயிரம் பேருடைய வாழ்விலிருந்து, எந்தக் கணக்கிலும் பற்று வைக்கப்படாமல் கழிகின்றன. இந்தப் பிளவு நீடிக்கும்வரை, வெள்ளோட்டத்தை ரத்து செய்யவும், இரட்டைச் செலவைக் குறைக்கவும், சோதகரின் எச்சரிக்கையை எண்ணிக்கை போதாதென்று ஒதுக்கவும் நிர்வாகிகளுக்கு ஆசை தோன்றிக்கொண்டேயிருக்கும்.

ஆகையால் பொதுமக்களின் பணத்தையும் சம்பளத்தையும் சிகிச்சையையும் கையாளும் எந்த அமைப்பும் புதுப்பிக்கப்படுமுன், மூன்று கேள்விகளுக்கு எழுத்து மூலம் விடை பெறப்பட வேண்டும்: புதியது தவறினால் எத்தனை மணி நேரத்துக்குள் பழையதற்குத் திரும்ப முடியும்? திரும்பும் அந்தப் பாதை உண்மையில் நடந்து பார்க்கப்பட்டதா? இடைக்காலத்தில் நேரும் நஷ்டத்தை, பாதிக்கப்பட்டவர் மனுப் போட்டு அலையாமல், தானாகவே ஈடுசெய்யப் பொறுப்பேற்றவர் யார்? இம்மூன்றுக்கும் விடையில்லாத திட்டத்துக்கு, அது எவ்வளவு நவீனமானதாயினும், அனுமதி மறுக்கும் அதிகாரம் சுதந்திரமான தணிக்கையாளரிடம் இருக்க வேண்டும். அனுமதித்தபின் தவறினால், அபராதம் விதிக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும். பிரிட்டனில் டி.எஸ்.பி. வங்கிக்கு விதிக்கப்பட்ட அபராதம் நாலரை ஆண்டுக்குப் பின் வந்த பரிகாரம். கனடாவில் தணிக்கையாளரின் கண்டனம் சம்பளம் தவறிய பின் வந்த கண்டனம். விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணையில் கேட்கப்படும் கேள்விகள் விபத்துக்கு முன்பே கேட்கப்படுவதில் அசாத்தியம் எதுவும் இல்லை. அப்படிக் கேட்கும் சட்டமும் வழக்கமும் நம் நாட்டில் ஏற்பட வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியின் வேண்டுகோள்.